கிள்ளானில் நான் கட்டிய டர்போ எஞ்சின்

டர்போ எஞ்சின் கட்டுவதற்கு மலேசியா போகலாமா என்று அவ்வப்போது யாராவது எழுதிக் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். பாகங்கள் கிடைக்கும், கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை, பாதி வேலையைத் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். கடந்த ஜூலையில் பத்து நாள் போய்வந்தேன். போன வேலை முடிந்தது. எஞ்சின் என் கணக்கைவிட நன்றாகவே ஓடியது. ஆனாலும் அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் கசக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். செலவு விவரம் மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. பகலில் தண்ணீர் பம்ப், வீட்டுக்கு வந்தால் பிஸ்டன். குணா என்னோடு கோவையில் பொறியியல் படித்தவன், மலேசியாவில் கிள்ளான் ஊர்க்காரன். படிப்பு முடிந்து ஊருக்குப் போய்ப் பட்டறை வைத்தான். மூன்று வருடமாக நாங்கள் இருவரும் போனிலேயே ஒரு எஞ்சினை வரைந்துகொண்டிருந்தோம். எண்ணம் எளிமையானது. எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற ஒவ்வொரு கிராமும் சக்தியைத் தின்கிறது. உரசுகிற ஒவ்வொரு பரப்பும் தின்கிறது. முதலில் இந்த இரண்டையும் குறைத்துவிட்டு, பிறகு காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவை மாட்ட வேண்டும். எல்லாரும் பெரிய டர்போவில் தொடங்குவார்கள், நாங்கள் எடையில் தொடங்கினோம்.

வரைபடங்களும் கணக்குகளும் என்னுடையவை. பட்டறையும் ஆட்களும் ஒரு ரேஸ் குழுவின் காரும் அவன் ஏற்பாடு. சக்தியை அளந்து தருகிற டைனோ இயந்திரத்தின் தாளில் இரண்டு பேர் பெயரும் இருக்கும் என்று பேசியிருந்தோம். எனக்கு அந்தத் தாள்தான் வேண்டும். அதைக் காட்டித்தான் கோவையில் சொந்தமாகப் பிஸ்டன் செய்து விற்கலாம் என்று கனவு. கணக்கு மட்டும் வைத்திருக்கிற பெண்ணிடம் யாரும் பிஸ்டன் வாங்க மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோவையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். திருச்சியில் காலை 8.35க்கு விமானம், மலேசிய நேரம் பிற்பகல் 3.20க்கு இறங்கினேன். இருபது கிலோ பெட்டியோடு போகவர 16,400 ரூபாய். நான் போனபோது இந்தியர்களுக்கு விசா தேவைப்படவில்லை. இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதுமானதாக இருந்தது. நீங்கள் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் நான்கு பிஸ்டன், பிஸ்டனிலிருந்து கிராங்க் தண்டுக்குப் போகிற கனெக்டிங் ராட் நான்கு, நான்கு கட்ஜன் பின், பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங்குகள் ஒரு டப்பா நிறைய. கட்ஜன் பின் என்பது பிஸ்டனையும் ராடையும் கோக்கிற சிறிய எஃகுக் குழாய். எக்ஸ்ரேயில் என்ன தெரிந்ததோ, சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, “ரிங்கான்” என்றார். லேசாக இருக்கிறது என்று அர்த்தம். என் பிஸ்டனுக்கு நான் கேட்ட முதல் பாராட்டு அது.

விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பேருந்து 15 ரிங்கிட், ஒரு மணி பத்து நிமிடம். ரயில் சீக்கிரம் போகும், ஆனால் 55 ரிங்கிட். சென்ட்ரலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். ஒரு நாளைக்கு 95 ரிங்கிட்டுக்குச் சின்ன விடுதி அறை. கிள்ளானிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் குணாதான் பிரிக்பீல்ட்ஸில் தங்கச் சொன்னான்; எங்கள் எஞ்சின் போகப்போகிற காரை ஓட்டுகிற ரியாஸின் குடும்பம் அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தது. தொண்டியிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். ரியாஸுக்கு இருபத்தெட்டு வயது. காலையில் கடைக் கல்லாவில் உட்காருவான், மாதத்தில் இரண்டு ஞாயிறு ரேஸ் ஓட்டுவான். முதல் நாளே என் பெட்டியை வாங்கிக்கொண்டு, “அக்கா, இதுக்குள்ளதான் எஞ்சினா? நான் என்னவோ லோரியில வரும்னு நெனச்சேன்,” என்று சிரித்தான்.

மறுநாள் காலை கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் கிள்ளான். ஒரு மணி நேரம், நான்கு ரிங்கிட்டுக்குள். நிலையத்திலிருந்து மேரு சாலைப் பக்கம் ஐந்து கிலோமீட்டர், வாடகைக் காரில் 9 ரிங்கிட். குணா பட்டறை வாசலிலேயே நின்றிருந்தான். பதினைந்து வருடத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறோம். “வந்துட்டியா மீரா! சாப்ட்டியா? சாப்ட்டுட்டு வேலை, இல்லாட்டி வேலைக்கப்பறம் சாப்பாடா?” என்றான். வேலை என்றேன்.

எஞ்சின் தயாராக மேசையில் இருந்தது. ஜப்பானில் ஓடி முடித்த காரைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே அதற்கு ஹாஃப்கட் என்று பெயர். அப்படி வந்த 1.6 லிட்டர் டர்போ எஞ்சின். பிரிப்பதற்கு முன், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்க் தண்டைச் சுழற்ற எவ்வளவு முறுக்குவிசை வேண்டியிருக்கிறது என்று அளந்தோம்: 24 நியூட்டன் மீட்டர். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்தோம்.

மூன்றாம் நாள் குணாவின் வேனில் ரவாங். கிள்ளானிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர், காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒரு சீனர் கிராங்க் தண்டைச் சமநிலைப்படுத்தித் தருகிறார். என் வரைபடத்தைப் பார்த்து எதிர் எடைகளிலிருந்து ஒரு கிலோ நூறு கிராம் இரும்பைக் கடைந்து எடுத்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, “இந்த டிராயிங் யாரு போட்டது பாஸ்?” என்று குணாவிடம் தமிழிலேயே கேட்டார். குணா, “நாங்கதான் அங்கிள்,” என்றான். நாங்கள் என்ற சொல் அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான்காம், ஐந்தாம் நாட்களைப் பற்றி எழுத ஆசையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. ஏனென்றால் அவை நல்ல நாட்கள். பழைய பிஸ்டன் கட்ஜன் பின்னோடு சேர்த்து 392 கிராம். என்னுடையது 316. பக்கச்சுவரைக் குட்டையாக்கி, உரசும் இடத்தில் கறுப்புப் பூச்சு கொடுத்து, கட்ஜன் பின்னின் சுவரைக் கடைந்து மெல்லிசாக்கியிருந்தேன். ரிங்குகள் ஒரு மில்லிமீட்டர் கனம், இழுவிசை குறைவு. சிலிண்டரின் உட்பரப்பை எவ்வளவு வழவழப்பாகத் தேய்ப்பது என்பதில் மட்டும் அரை நாள் வாக்குவாதம். ரொம்ப வழவழத்தால் எண்ணெய் நிற்காது, சொரசொரத்தால் ரிங் தேயும். குணாவின் கை அபாரமானது. நான் தாளில் சொல்கிற மைக்ரானை அவன் விரல் நுனியில் உணர்வான். அதை மறுக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் மதியம் கிராங்கும் பிஸ்டன்களும் உள்ளே போய் முடிந்தன. மறுபடி முறுக்குவிசையை அளந்தோம். 13 நியூட்டன் மீட்டர். குணா நம்பாமல் மூன்று முறை சுழற்றினான்.

“ஏய் மீரா, வெண்ணெயில போற மாதிரி போவுது லா!”

இருவரும் சிரித்தோம். அவன் மனைவி அனுப்பியிருந்த மீன் குழம்பை வெளியே வேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நம்பிக்கை என்று ஒன்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆறாம் நாள் எஞ்சின் காருக்குள் ஏறியது. ஏழாம் நாள் காலை 11.10க்கு இரண்டாவது முயற்சியில் ஓடத் தொடங்கியது. மிதமான வேகத்திலேயே மூன்று மணி நேரம் ஓடவிட்டு எண்ணெயை மாற்றினோம். பழைய எண்ணெயைத் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். ஒரு உலோகத் துகள் இல்லை.

எட்டாம் நாள் கோலாலம்பூரின் செராஸ் பகுதி. அங்கே ஒரு வாடகை டைனோ இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு 600 ரிங்கிட். நான் ரயிலில் போய்ச் சேர்ந்தபோது காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ரியாஸ், ரேஸ் குழுவில் பணம் போடுகிறவர்கள், இரண்டு கேமராக்காரர்கள். அப்படி ஆட்கள் வருவார்கள் என்று குணா என்னிடம் சொல்லவில்லை. எஞ்சின் மூடியில் பளபளவென்று புதிய தகடு ஒன்று. அதில் அவன் பட்டறையின் பெயர் மட்டும் இருந்தது.

பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை, 1.3 பாரில் வைத்து ஓட்டினோம். சக்கரத்தில் 286 குதிரைத்திறன். நான் 270 எதிர்பார்த்திருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். கேமரா முன்னால் குணா பேசினான். “மூணு வருஷமா ராத்திரி பகலா நான் பண்ண ஆராய்ச்சி இது,” என்றான். ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். “இவங்க இந்தியாவுல இருந்து. பார்ட்ஸ் சப்ளை பண்றவங்க,” என்றான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

தாள் அச்சாகி வந்தது. மேலே பட்டறையின் பெயர், கீழே அவன் பெயர். அவ்வளவுதான்.

ஆட்கள் டீ குடிக்கப் போனதும் அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். “குணா, என் பேர் எங்கே?”

“இதெல்லாம் மார்க்கெட்டிங் லா. நீ ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிருவ. இங்க கேக்கறவனுக்கு ஒரு ஆளு முன்னால நிக்கணும்ல?”

“ரெண்டு பேர் போடறோம்னு பேசினோம்.”

“பேசினோம். இப்ப ஸ்பான்சர் உள்ள வந்துட்டான். ரெண்டு பேர் இருந்தா யாருக்கு எஞ்சின் சொந்தம்னு கேப்பான். புரிஞ்சிக்க மீரா. டிராயிங் போடறவங்க நிறைய பேர் இருக்காங்க. கட்டறவன் நான்.”

பதினைந்து வருடப் பழக்கத்தில் அவன் எனக்குச் சொன்ன மிக நேர்மையான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவன் அதை ரொம்ப நாளாகவே நினைத்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, பையை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது பின்னால் அவன் குழுவினரிடம் சொல்வது கேட்டது: “ரேஸுக்கு ஒன் பாயிண்ட் எய்ட் வைப்போம். முந்நூத்தம்பது தாண்டும்.”

திரும்பி வந்து, “குணா, 1.4க்கு மேல போகக்கூடாது. கட்ஜன் பின் தாங்காது, உனக்குத் தெரியும்,” என்றேன்.

“நீ எப்பவும் பயந்து பயந்துதான் கணக்குப் போடுவ,” என்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

எடையைக் குறைத்ததற்கு விலை அந்தப் பின்னில்தான் இருந்தது. 1.4 பார், நிமிடத்துக்கு 7,600 சுற்று. அதுவரை அது வளைந்து நிமிரும். 1.8இல், பின் நுழைகிற பிஸ்டன் காதில் விரிசல் விழும், பிறகு ராட் விடுபட்டு எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். எப்போது என்று சொல்ல முடியாது. சில சுற்றுகள் ஓடலாம். ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் திரும்பும்போது நான் நினைத்தது இதுதான்: வெடிக்கட்டும். அதே கேமரா முன்னால், அதே தகட்டோடு, அவன் ஆராய்ச்சி வெடிக்கட்டும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது அந்த நினைப்பு இனித்தது.

ஒன்பதாம் நாள் செய்ய ஒன்றுமில்லை. விமானம் மறுநாள்தான். பத்துமலை முருகன் கோவிலுக்குப் போனேன். சென்ட்ரலிலிருந்து ரயில் நேராகப் போகிறது, மூன்று ரிங்கிட்டுக்குள். 272 படி, காலை எட்டுக்குள் போனால் வெயிலும் கூட்டமும் இருக்காது. குரங்குகள் மட்டும் எந்நேரமும் இருக்கும், கையில் பையைத் தொங்கவிடாதீர்கள். மேலே போய்க் கண்ணை மூடி நின்றேன். கும்பிடுவதற்குப் பதிலாக மனம் கட்ஜன் பின்னின் வளைவுத் தகைவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. 1.8 பாரில் எத்தனை சுற்று தாங்கும்? பத்துச் சுற்றா? இருபதா? இறங்கி வரும்போது ஒரு விஷயம் உறைத்தது. எஞ்சின் வெடிக்கும்போது குணா காருக்குள் இருக்கமாட்டான்.

பத்தாம் நாள் காலை பெட்டியோடு ரியாஸின் கடைக்குச் சாப்பிடப் போனேன். கேட்காமலே தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயும், நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் கொண்டுவந்து வைத்தான். எதிரில் உட்கார்ந்தான்.

“அக்கா, அன்னிக்கு செராஸ்ல நீங்க மொகத்த ஒரு மாதிரி வெச்சிக்கிட்டு போனீங்க. என்னாச்சு?”

“ஒண்ணும் இல்லீங்க ரியாஸ்.”

“ஞாயித்துக்கிழமை மொத ரேஸ். குணா அண்ணே ஒன் பாயிண்ட் எய்ட் சேஃப்னு சொன்னாரு. சேஃப்தானே அக்கா? எங்கம்மா வேற பாக்க வர்றாங்க. நான் ஓட்டறத இதுவரைக்கும் பாத்ததே இல்ல.”

அவன் அம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்று வாழையிலை கிழித்துக்கொண்டிருந்தார். நான் டீயைக் குடித்து முடித்தேன். சொல்லாமல் எழுந்து போயிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கப் போவதில்லை. பார்ட்ஸ் சப்ளை பண்றவங்கதானே.

“பில் தாள் ஒண்ணு குடுங்க,” என்றேன். அதன் பின்பக்கம் பிஸ்டனை வரைந்தேன், கட்ஜன் பின்னை வரைந்தேன், எங்கே விரிசல் விழும் என்று அம்புக்குறி போட்டேன். நேர்சாலையின் முடிவில் அந்த வேகத்தில் ராட் வெளியே வந்தால் எண்ணெய் அவன் பின்சக்கரத்துக்கு அடியில்தான் கொட்டும் என்று சொன்னேன். 1.4 பார், 7,600 என்று எழுதி இரண்டு முறை கோடு போட்டேன். அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“இது குணா அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “நான் ஒன் ஃபோர்ல வெச்சாத்தான் கார்ல ஏறுவேன்னு சொல்லிடறேன் அக்கா. நீங்க சொன்னீங்கன்னும் சொல்றேன். எல்லாருக்கும் சொல்றேன். இந்த எஞ்சின் உங்களுதுன்னு நான் போஸ்ட் போடறேன், பாருங்க.”

சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான். அன்று மாலை 5.40 விமானத்தில் ஊர் திரும்பினேன்.

அந்த ஞாயிறு ரியாஸ் தன் பிரிவில் முதலாவதாக வந்தான். 1.4 பாரில். “அக்கா எஞ்சின் சூப்பர்” என்று ஒரு செய்தி, அம்மாவோடு கோப்பையைப் பிடித்திருக்கிற படம். பிறகு அவன் போட்ட பதிவில் குணா அண்ணனுக்கு நன்றி என்று மட்டும் இருந்தது. நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டும் அந்தக் காரை ஓட்ட வேண்டிய பையனிடம் என்ன கேட்பது? மற்ற வண்டிகளின் எஞ்சின்கள் புகைந்து நின்ற இரண்டு ரேஸ்களில்கூட அந்த எஞ்சின் நிற்காமல் ஓடி முடித்தது. குணா இப்போது அதைத் தொகுப்பாக விற்கிறான். பிஸ்டன் வேறு எங்கோ செய்கிறார்கள், என் வரைபடத்தின்படி. விளம்பரத் தாளின் கீழே தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: பூஸ்ட் 1.4 பாருக்கு மேல் கூடாது, 7,600 சுற்றுக்கு மேல் கூடாது. பயந்து பயந்து போட்ட கணக்கு. நான் அனுப்பிய நான்கு செய்திகளுக்கு அவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினான்.

சொன்னதற்கு வருத்தமா என்று என் தங்கை கேட்டாள். இல்லை. அந்தத் தாயின் முன்னால் அதை நடக்க விட்டிருக்க முடியாது. ஆனால் நான் வாயைத் திறந்ததால்தான் அந்த எஞ்சினுக்குப் பெயர் கிடைத்தது, அந்தப் பெயர் என்னுடையதில்லை. இது இரண்டும் ஒன்றை ஒன்று சமன் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. நான் இன்னும் பம்ப் வடிவமைக்கிறேன்.

போகப்போகிறவர்களுக்கு: பத்து நாள் போதாது, பதினான்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்குவது, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் சேர்த்து எனக்கு 1,480 ரிங்கிட் ஆனது, எஞ்சின் செலவு தனி. பாகங்களின் பட்டியலை ஆங்கிலத்தில் அச்சடித்துப் பெட்டிக்குள் மேலாக வையுங்கள், சுங்கத்தில் நேரம் மிச்சம். ரிங்குகளைக் கைப்பையில் எடுத்துப்போகாதீர்கள். அளக்கும் கருவிகள் உங்களுடையவையே இருக்கட்டும். எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், யார் பெயர் எங்கே வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நான் மூன்று வருடமும் அதைக் காலியாகவே அனுப்பினேன்.

பிஸ்டனிலும் உள்பக்கம், அழுத்தம் வராத இடமாகப் பார்த்து, உங்கள் பெயரைப் பொறித்துவிடுங்கள். எழுபத்தாறு கிராமைச் செதுக்கி எடுத்த எனக்கு இது தோன்றவே இல்லை. பொறித்தால் எடை கூடாது. கொஞ்சம் குறையத்தான் செய்யும்.